சுரங்க வாயை அடைக்கலாமா?

புதுச்சேரி நகரில் மலை கிடையாது. கோரிமேட்டில் ஏறி நின்றால் அதுதான் ஊரின் உயரம். காலாப்பட்டுப் பக்கம் மழைநீர் செம்மண்ணை அறுத்த ஓடைப் பள்ளங்கள் உண்டு. பாகூர்ப் பக்கம் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த சேதி. மலையைக் குடைந்து போன சுரங்கம் மட்டும் இங்கே ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பழைய சுரங்க வாயைச் சுற்றியுள்ள மலைச்சரிவு நிற்குமா, நழுவுமா என்ற கேள்விக்கும் இந்த ஊருக்கும் இரண்டு வழிகளில் உறவு இருக்கிறது.

ஒன்று, மாஹே. புதுச்சேரி ஆட்சிப் பரப்பின் அந்தத் துண்டு வழியாகக் கடலில் சேரும் மய்யழி ஆறு வயநாட்டு மலைகளில் பிறக்கிறது. அந்த வயநாட்டின் தென்கிழக்கு மூலைதான் இன்று நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்கள். தமிழ்நாட்டில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கங்கள் மலைச்சரிவுகளில் வாய் திறந்து கிடக்கும் இடம் அதுவே. இரண்டாவது உறவு, கணக்கு. ஒரு சரிவு நிற்குமா என்று பார்க்க உலகம் முழுவதும் இன்றும் கையாளும் சூத்திரத்தின் வேர் ஒரு பிரெஞ்சு ராணுவப் பொறியாளரிடம் இருக்கிறது.

பழைய சுரங்க வாய்களை மதிப்பிடப் பல முறைகள் உள்ளன: கண்ணால் பார்ப்பது, மதிப்பெண் போடுவது, சூத்திரத்தால் கணக்கிடுவது, கருவி பதிப்பது, விண்ணிலிருந்து அளப்பது. இவை ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதைத் தவறவிடுகிறது என்று பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடியும். மதிப்பீடு நீரிலிருந்து தொடங்க வேண்டும். சுரங்க வாயை ஆளுக்கு மூடலாம், நீருக்கு மூடக்கூடாது.

தேவாலாவின் தங்கம்

தென்கிழக்கு வயநாட்டின் ஓடை மணலைக் கழுவித் தங்கம் எடுக்கும் பழக்கம் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. குறும்பர்கள் தோண்டிய பழைய குழிகளைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்கு ஆசை பிறந்தது. இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1875இல் அறிக்கை கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையை நடத்திய பிரௌ ஸ்மித் அடுத்து வந்து பார்த்து, 1880இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். லண்டன் பங்குச் சந்தை கொதித்தது. ஓரிரு ஆண்டுகளில் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பதிவாயின. அவற்றின் பெயரளவு முதல் ஐம்பது லட்சம் பவுனைத் தொட்டது. அங்குள்ள தேவாலாவிலும் பந்தலூரிலும் குதிரைப் பந்தய மைதானம், கடைத்தெரு என்று திடீர் நகரங்கள் முளைத்தன.

தங்கம் மட்டும் வரவில்லை. வெண்கல் நாளங்களில் அது இருந்தது உண்மை. டன்னுக்குக் கிடைத்த அளவு அரைக்கும் செலவுக்கே கட்டவில்லை. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான கம்பெனிகள் கவிழ்ந்தன. புவியியலாளர்கள் ஹெய்டனும் ஹாட்சும் 1901இல் எழுதிய ஆய்வு மிச்சமிருந்த நம்பிக்கையையும் முடித்து வைத்தது. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. மலைச்சரிவில் குடைந்த கிடைச்சுரங்கங்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

அந்த மலைகள் காலியாக இருக்கவில்லை. காபி போய்த் தேயிலை வந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலருக்கு இங்கேதான் வேலை கிடைத்தது. அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு உருவாக்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகள் இன்றும் சரிவுகளில் நிற்கின்றன. பழைய சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாகத் தங்கம் தேடுவோரும் ஓய்ந்தபாடில்லை. மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் ஆள் இறந்த செய்தி கூடலூர்ப் பக்கமிருந்து அவ்வப்போது வருகிறது.

வாயில் என்ன நடக்கிறது

கிடைச்சுரங்கத்தின் உள்பகுதி பெரும்பாலும் உறுதியான பாறையில் இருக்கும். சிக்கல் அதன் வாயில்தான். மழை மிகுந்த இந்த மலைகளில் மேற்பரப்பிலிருந்து பல மீட்டர் ஆழம்வரை பாறை மக்கிப்போய், தொட்டால் உதிரும் செம்மண்ணாகவும் வெண்களியாகவும் மாறியிருக்கிறது. உள்ளே கல்லைக் குடைந்தவர்கள் வாயருகே இந்த மக்கிய அடுக்கைத்தான் வெட்டினார்கள். கூரை விழாமல் மரச் சட்டம் கொடுத்தார்கள். அந்த மரம் எப்போதோ உளுத்துவிட்டது.

இதனால் ஒரே இடத்தில் நான்கு பலவீனங்கள் சேர்கின்றன. முதலாவது, வாய் திறப்பதற்காகச் சரிவின் அடிவாரத்தை வெட்டியது. மேலேயுள்ள மண்ணைத் தாங்கிய கால் போய்விட்டது. இரண்டாவது, தோண்டிய கல்லையும் மண்ணையும் வாய்க்கு எதிரே கீழ்ச்சரிவில் கொட்டியது. அந்தக் கழிவு மேடு தானாக நிற்கக்கூடிய கடைசிச் சாய்வில் நிற்கிறது. அது சரியக் கூடுதல் பாரம் ஏதும் தேவையில்லை. மூன்றாவது, கூரை உதிர்வது. நான்காவது, மலைக்குள் ஊறும் நீர் சுரங்கத்தை வடிகாலாக்கிக்கொண்டது.

கூரை உதிர்வதற்கு ஓர் எல்லை உண்டு. பாறை உடைந்து விழும்போது பருமன் கூடுகிறது. 2 மீட்டர் உயரமுள்ள சுரங்கத்தில் விழும் கல் 30 சதவீதம் பருத்தால், கூரை சுமார் 6.7 மீட்டர் உயரம் வரை உதிர்ந்ததும் வெற்றிடம் தானாக நிரம்பி, உதிர்தல் நின்றுவிடும். சுரங்கத்துக்கு மேல் 10 மீட்டர் பாறை இருந்தால் மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது. இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். உள்ளே ஓடும் நீர் அந்த மண்ணை வாய் வழியாக வெளியே இழுத்துக்கொண்டே இருந்தால் வெற்றிடம் நிரம்பாது. உதிர்தல் மேலே ஏறிக்கொண்டே போய் ஒருநாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குழியாகத் திறக்கும். ஆகவே வாயில் ஓடும் நீர் எவ்வளவு, அது எதைச் சுமந்து வருகிறது என்பது கூரையின் கதையையும் சொல்லிவிடும்.

கூலோம் கொடுத்த கணக்கு

சார்ல் ஒகுஸ்தேன் கூலோம் என்ற பெயரை மின்விசைப் பாடத்தில் படித்திருப்போம். அதற்கு முன் அவர் ராணுவப் பொறியாளர். மர்த்தினீக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் சுமார் எட்டு ஆண்டுகள் இருந்தார். மதிலின் பின்னால் குவித்த மண் மதிலை எவ்வளவு தள்ளும் என்பது அவருக்கு அன்றாடப் பிரச்சினை. ஊர் திரும்பியபின் 1773இல் பாரீஸ் அறிவியல் கழகத்தில் அதைக் கணிதமாக்கிப் படித்தார். மண் நழுவாமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள்: துகள்களுக்கு இடையேயான ஒட்டு, அழுத்தத்தோடு கூடும் உராய்வு. நழுவத் துடிக்கும் விசையை இவை இரண்டும் மிஞ்சினால் மண் நிற்கும்.

1846இல் அலெக்சாந்தர் கொலேன் என்ற பிரெஞ்சு அரசுப் பொறியாளர் கால்வாய்க் கரைகள் சரிந்த இடங்களைத் தோண்டி அளந்து, களிமண் வளைந்த பரப்பில் நழுவுகிறது என்று காட்டினார். பாலங்களும் சாலைகளும் கட்டுவதற்காகப் பிரெஞ்சு அரசு வைத்திருந்த பொறியாளர் படையைச் சேர்ந்தவர் அவர். முத்திரையர்பாளையத்திலிருந்து புதுச்சேரி நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த லமரேஸும் அதே படையின் ஆள்தான். கொலேனின் நூலை உலகம் மறந்து, வளைபரப்புக் கணக்கை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டினர் மறுபடி கண்டுபிடித்தார்கள். 1920களில் கார்ல் டெர்சாகி விட்டுப்போன கண்ணியைச் சேர்த்தார்: மண்ணின் இடுக்குகளில் நிறைந்த நீர், துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசையைக் குறைக்கிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். 35 பாகை சாய்ந்த சரிவு. பாறையின் மேல் 3 மீட்டர் மண். உராய்வுக் கோணம் 30 பாகை. ஒட்டு சதுர மீட்டருக்கு 8 கிலோநியூட்டன். மண் காய்ந்திருக்கும்போது, தாங்கும் விசையை நழுவும் விசையால் வகுத்தால் 1.14 வருகிறது. 1க்கு மேல் இருப்பதால் சரிவு நிற்கும், ஆனால் நிலையான சரிவுக்குப் பொறியாளர்கள் பொதுவாகக் கேட்கும் 1.5க்கு வெகு கீழே. மண்ணின் பாதி உயரம் வரை நீர் ஏறினால் அது 0.91. முழுவதும் ஊறினால் 0.70. சரியாக 1இல் நிற்பது எப்போது? அடியிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் நீர் ஏறியதும். மூன்று மீட்டர் மண்ணில் ஒரு முழம், இரு முழம் நீர் கூடுவதுதான் நிற்பதற்கும் விழுவதற்கும் இடையிலுள்ள தூரம். உராய்வுக் கோணம் பருவத்துக்குப் பருவம் மாறாது. சாய்வும் மாறாது. ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் மாறுவது நீர்மட்டம் ஒன்றே.

இதற்குச் சான்று புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நெய்வேலியில் 1957இல் முதல் சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது பெரும் தடையாக நின்றது நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தேங்கியிருந்த ஊற்று நீர். அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகே சுரங்கத்தின் தரையும் சுவர்களும் நின்றன. அந்த இறைப்பு சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குச் செய்தது என்ன என்பது தனி வழக்கு. நீரை இறக்கினால் சரிவு நிற்கும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. தேவாலாவின் பழைய சுரங்கம் இந்த வேலையைப் பம்பு இல்லாமல், மின்கட்டணம் இல்லாமல் நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவருகிறது.

மதிப்பெண்களும் வரைபடங்களும்

இந்திய தர நிர்ணய அமைவனம் 1998இல் வெளியிட்ட ஐ.எஸ். 14496 (பகுதி 2) நிலச்சரிவு அபாயத்துக்குப் பத்து மதிப்பெண் முறை ஒன்றைத் தந்தது. பாறை வகைக்கு 2, பாறை அமைப்புக்கு 2, சாய்வுக்கு 2, நிலப் பயன்பாட்டுக்கு 2, உயர வேறுபாட்டுக்கு 1, நிலத்தடி நீர் நிலைக்கு 1. ஒரு பெரிய மலைப்பகுதியை விரைவாக வகைப்படுத்த இது நல்ல கருவி. ஆனால் மனிதன் குடைந்த வெற்றிடத்துக்கு அதில் இடமே இல்லை. கணக்கையே தலைகீழாக மாற்றிவிடக்கூடிய நீருக்குக் கிடைப்பதோ பத்தில் ஒன்று.

இந்திய புவியியல் ஆய்வுத் துறை 2014 முதல் நாடு தழுவிய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களை 1:50,000 அளவில் தயாரித்தது. அந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். 2 மீட்டர் அகல வாய் அதில் புள்ளியாகக்கூட விழாது. செந்நிறம் பூசிய பகுதிக்குள் எந்த வீட்டுக்கு மேலே சுரங்கம் இருக்கிறது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்காக வரைந்ததும் அல்ல.

வாயை வெட்டிய பாறை முகத்துக்கு வேறு முறைகள் பொருந்தும். பிளவுகளின் திசையையும் சாய்வையும் திசைகாட்டியால் அளந்து, அவை வெளிப்பக்கமாகச் சாய்கின்றனவா, இரண்டு பிளவுகள் சேர்ந்து ஆப்பு வடிவில் கல்லைக் கழற்றிவிடுமா என்று பார்ப்பது முதல் படி. ஸ்பெயினின் ரொமானா 1985இல் உருவாக்கிய சரிவு மதிப்பெண் முறை இதை எண்ணாக்குகிறது. அதில் கவனிக்கத்தக்க ஓர் அம்சம், வெட்டிய விதத்துக்கும் மதிப்பெண் உண்டு: இயற்கையான சரிவுக்கு 15 கூடும், தாறுமாறாக வெடிவைத்த முகத்துக்கு 8 குறையும். 1880களில் டைனமைட்டை வைத்து அவசர அவசரமாக உடைத்த முகங்களுக்கு எந்தப் பக்கம் மதிப்பெண் போவது என்று சொல்லத் தேவையில்லை.

தரைக்கடியில் வெற்றிடம் எங்கே போகிறது என்று அறிய, மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தித் தடையை அளக்கும் முறை இந்த மலைகளுக்கு ஒத்துவரும். ரேடார் அலை பாய்ச்சும் கருவி ஈரக் களிமண்ணில் சீக்கிரமே குருடாகிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் செயற்கைக்கோள் நீண்ட அலை கொண்டது. செடிகொடியைத் தாண்டித் தரையின் மெதுவான நகர்வைப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அளக்க வல்லது. ஒரு மலைமுகம் முழுதும் ஊர்ந்தால் அது காட்டும். ஒரு வாயின் மேல் விரியும் வெடிப்பைக் காட்டாது. மழையை வைத்து அபாயம் சொல்லும் முன்னறிவிப்புக்கு இந்திய புவியியல் ஆய்வுத் துறை 2020இல் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பகுதிகளுள் நீலகிரியும் ஒன்று. அது வட்டம் வட்டமாகச் சொல்லும், வீடு வீடாகச் சொல்லாது.

எஞ்சுவது, மழைக்காலத்தில் ஓர் ஆள் நடந்து போய்ப் பார்ப்பது. வாயில் நீர் தெளிவாக, ஒரே சீராக வந்தால் வடிகால் நன்றாக இருக்கிறது. துருநிறத்தில் வந்தால் உள்ளே இரும்புக் கனிமம் காற்றோடும் நீரோடும் கரைகிறது. கண்ணுக்கு உறுத்தினாலும் சரிவுக்கு உடனடி ஆபத்தில்லை. கலங்கி வந்தால் மண்ணை அரித்து வருகிறது, கூரையைக் கவனிக்க வேண்டும். அடைமழை பெய்துகொண்டிருக்கும்போது ஓட்டம் சட்டென்று குறைந்தால், உள்ளே அடைத்துக்கொண்டது. கீழே இருப்பவர்களை அப்போதே கிளப்ப வேண்டும். இதை அளக்கப் பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். வாயின் மேல் வெடிப்பு இருந்தால் இருபுறமும் முளை அடித்து வாரம் ஒருமுறை நாடாவால் அளக்கலாம். மரத்தின் அடி வளைந்து நுனி நிமிர்ந்திருந்தால் அந்த மண் பல ஆண்டுகளாக ஊர்கிறது.

அடைத்ததால் வந்த வினை

கைவிடப்பட்ட சுரங்கம் என்றதும் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது, பொக்லைனைக் கொண்டுவந்து மண்ணைத் தள்ளி வாயை மூடுவது. ஆள் உள்ளே போகக்கூடாது என்ற நோக்கம் சரி. அந்த மண் அணையாகிவிடுகிறது. 4 சதுர மீட்டர் வாய்க்குப் பின்னால் 20 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், அடைப்பைத் தள்ளும் விசை 80 டன். அடைப்பு தாங்கினாலும் நீர்மட்டம் மலைக்குள் ஏறி, மேலே பார்த்த 90 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும்.

அமெரிக்காவின் கொலராடோவில் கோல்ட் கிங் என்ற பழைய தங்கச் சுரங்கத்தின் வாய் இடிந்து மூடிக் கிடந்தது. 2015 ஆகஸ்ட் 5 அன்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் ஆட்கள் அங்கே தோண்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் தேங்கியிருந்த நீர் சுமார் 1 கோடியே 10 லட்சம் லிட்டர் பீறிட்டு வந்தது. அனிமாஸ் ஆறு மஞ்சளாக ஓடியது. மேலிருந்து துளையிட்டு நீரின் அழுத்தத்தை முன்னரே அளக்கவில்லை என்பதே பின்னர் நடந்த ஆய்வு சுட்டிய குறை.

கழிவு மேட்டுக்கு வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் பாடம். அங்கே ஊருக்கு மேலேயிருந்த நிலக்கரிக் கழிவு மேடுகளில் ஏழாவதை 1958இல் நீரூற்றின் மேலேயே கொட்டத் தொடங்கினார்கள். 1966 அக்டோபர் 21 காலை அது குழம்பாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தனர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். சுரங்க வாயிலிருந்து வரும் நீர் தன் எதிரே கிடக்கும் கழிவு மேட்டுக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பது எத்தனை அவசியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

வாயைத் திறந்தே விடுவதிலும் தொல்லைகள் உண்டு. ஆள் இறங்கித் தங்கம் தேடுவான். உள்ளே பிராணவாயு குறைந்த காற்று ஆளைக் கொல்லும். சுரங்கம் வடித்துவிடுவதால் மேலேயுள்ள ஊற்றுகள் வற்றலாம். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. வாயில் உடைகல் நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் பதித்து, மேலே கிடைக்கம்பிக் கதவு போட்டால் ஆள் போக முடியாது, நீர் வரும், வௌவாலும் பறந்து போகும். வெளிவரும் நீரைக் கழிவு மேட்டைச் சுற்றிக் கல் பாவிய வாய்க்காலில் ஓடைக்குக் கொண்டுபோய் விடலாம். நீரை உள்ளேயே நிறுத்தும் அடைப்பு வேண்டுமென்றால், அழுத்தத்தை அளந்து வடிவமைத்த கான்கிரீட் அடைப்பாக அது இருக்க வேண்டும். பொக்லைன் மண் அதற்கு ஈடாகாது.

யார் பொறுப்பு?

இன்று ஒரு சுரங்கம் திறப்பவர் அதை எப்படி மூடுவார் என்ற திட்டத்தையும், அதற்கான நிதி உத்தரவாதத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள் அப்படிச் சொல்கின்றன. 1880களில் கவிழ்ந்த லண்டன் கம்பெனிகளுக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது? நிலத்தின் உரிமையும் தெளிவாக இல்லை. கூடலூரில் பரம்பரை உரிமையில் இருந்த ஜன்ம நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969இல் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவின் கீழ் வரும் குத்தகை நிலங்கள் பல பத்தாண்டுகளாக வழக்கில் கிடந்தன. பட்டா இல்லாத நிலத்தில் வீடு கட்டியவர், தன் வீட்டுக்கு மேலே சுரங்கம் இருக்கிறது என்று புகார் கொடுக்கவே தயங்குவார்; வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

எச்சரிக்கை மட்டும் உயிரைக் காப்பாற்றாது என்பதை மலையகத் தமிழர் நன்றாகவே அறிவார்கள். இலங்கை கொஸ்லந்தையின் மீரியபெத்தை தோட்டத்தில் அபாயம் இருக்கிறது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் சொல்லியிருந்தது. போக வேறு இடம் இல்லாமல் தொழிலாளர் லைன்களிலேயே இருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கியது. நீலகிரியில் 2009 நவம்பரில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் 200 பேருக்கு மேல். இவை எதற்கும் சுரங்கம் காரணமில்லை. மழையில் ஊறிய மண்தான் காரணம். சுரங்க வாய் அந்த மண்ணில் கூடுதலாக ஒரு பலவீனம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலில் ஒரு பதிவேடு. கிங், பிரௌ ஸ்மித், ஹெய்டன், ஹாட்ச் ஆகியோரின் அறிக்கைகளையும், எந்த வாய் எங்கே என்று அறிந்த பணியர், குறும்பர், தோட்டத் தொழிலாளரின் நினைவையும் சேர்த்து, கிராம நிர்வாக அலுவலரும் கனிமவளத் துறையும் ஒவ்வொரு வாய்க்கும் எண் கொடுக்க வேண்டும். எண்ணுக்கு எதிரே நான்கு கேள்விகள்: நீர் வருகிறதா, எவ்வளவு? கழிவு மேடு எங்கே, நீர் அதற்குள் போகிறதா? மேலே வெடிப்போ குழியோ உண்டா? கீழே எத்தனை வீடுகள்? இந்த நான்குக்கும் விடை தென்மேற்குப் பருவமழையின் நடுவில் எழுதப்பட வேண்டும். ஏப்ரலில் காய்ந்த வாயைப் பார்த்து எழுதும் அறிக்கை பயன்படாது. விடைகள் கையில் வந்தபின் பெரும்பாலான வாய்களுக்குக் கம்பிக் கதவும் வாய்க்காலும் போதும். மின்தடை அளவீடு, துளையிடல், சூத்திரக் கணக்கு ஆகிய செலவுள்ள ஆய்வுகளை, நீர் கலங்கி வரும், கீழே வீடுகள் உள்ள சிலவற்றுக்கு மட்டும் ஒதுக்கலாம். அந்த ஆய்வு முடியும்வரை ஒரு கட்டளை போதுமானது: எந்த வாயையும் மண் தள்ளி மூடக்கூடாது.